மறைவிடத்துக்கு வழி காட்டும் பலகை

அனுப்புநர்:
லலிதாம்பாள் (வயது 74),
காலஞ்சென்ற சேஷனின் மனைவி,
டி.சி. 20/1143, மேலத்தெரு,
கரமனை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவனந்தபுரம்.

பொருள்: கணவரின் கொடுமைக்குத் தப்பி என் வீட்டு மாடியில் தங்கியிருக்கும் கௌசல்யாவுக்கும் அவள் மகளுக்கும் வரும் சனிக்கிழமை (15.12.2007) காலை ஏழு மணிக்கு முன் பாதுகாப்பு அளிக்கவும், தெருமுனைப் பலகையை அகற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மலையாளம் எனக்குச் சரளமாகப் பேச வரும். பிழையில்லாமல் எழுத வராது. பிழைகளோடு ஓர் அதிகாரிக்கு எழுதுவது மரியாதை அல்ல என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

1. என் வீட்டு மாடியை இந்த ஆண்டு ஜனவரி முதல் ‘சினேகதீபம்’ சேவை கிளப்புக்கு வாடகையின்றி விட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வியாபாரிகளும் சேர்ந்து நடத்தும் கிளப் அது. கண் சிகிச்சை முகாம் நடத்துகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுக்கிறார்கள். அவர்கள் செய்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. வீட்டில் அடிபடும் பெண்கள் சில வாரங்கள் ஒளிந்திருந்து மூச்சு விடுவதற்கே மாடியைக் கேட்டார்கள். இப்படி ஓர் இடம் இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்பதுதான் நான் வாய்மொழியாக விதித்த ஒரே நிபந்தனை. அதை எழுத்தில் வாங்காதது என் தவறு. மாடிக்கு ஏறும் வெளிப்படியின் கதவுச் சாவி கிளப்பிடம் இருக்கிறது.

2. கௌசல்யா (வயது 27) ஆகஸ்ட் நான்காம் தேதி தன் ஆறு வயது மகள் ஷிஜாவுடன் இங்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்தவள். கணவர் லிங்கம் கொத்தனார். கழக்கூட்டத்தில் எழும்பும் பெரிய கட்டடங்களில் வேலை. வந்த அன்று கௌசல்யாவின் இடது மணிக்கட்டு இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. சுவரைச் சமன் பார்க்கும் மட்டப்பலகையால் அடித்திருக்கிறார். எக்ஸ்ரே படம் இத்துடன் உள்ளது.

3. அக்டோபரில் கிளப்பின் தலைவர் திரு. நாகேஸ்வரன் என்னிடம் வந்து, இல்லத்துக்கு என் கணவர் பெயரைச் சூட்டுவதாகச் சொன்னார். என் கணவர் முப்பத்தாறு ஆண்டுகள் அரசுப் பணி செய்தவர். அவர் பெயர் தாங்கி இந்த ஊரில் ஒரு கல்கூடக் கிடையாது. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதே என்று அவர்கள் சொல்லிக் கொடுத்ததை அன்றுவரை மீறியதில்லை. அன்று மீறி, அவர் நீட்டிய சம்மதக் கடிதத்தில் படிக்காமலே கையெழுத்திட்டேன். கூடத்துச் சுவரில் ஒரு சிறு பித்தளைத் தகடு வைப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

நவம்பர் இரண்டாம் தேதி, மேலத்தெரு பிரதான சாலையைத் தொடும் முனையில், இரண்டு இரும்புக் கால்களின்மேல் ஆளுயரப் பலகை நின்றது. ‘சேஷன் நினைவு பெண்கள் பாதுகாப்பு இல்லம்’ என்று மூன்று மொழிகளில் எழுத்து. கீழே அம்புக்குறி, 150 மீட்டர் என்று தூரம், என் வீட்டுத் தொலைபேசி எண். மாலை ஆறானால் அதற்கு விளக்கும் எரிகிறது.

4. அன்றே திரு. நாகேஸ்வரனைப் பார்த்து ஆட்சேபித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “மாமி, கஷ்டப்படற பொண்களுக்கு வழி தெரிய வேண்டாமா? டிசம்பர் பதினாறாம் தேதி நம்ம கிளப்போட டிஸ்ட்ரிக்ட் கவர்னர் வரார். போர்டு இல்லேன்னா கிளப்பு என்ன பண்றதுன்னு ஆருக்கு அறியும்?” அடிக்கிறவனுக்கும் படிக்கத் தெரியும் என்றேன். “மாமி சும்மா பேடிக்கறேள். அதொண்ணும் சாரமில்லே,” என்று என் பயத்தைத் தள்ளிவிட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

5. நவம்பர் ஒன்பதாம் தேதி முதல் தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்கும். பத்தொன்பதாம் தேதி பிற்பகல் பலகையின் அடியில் லிங்கத்தைக் கண்டேன். பஸ்ஸில் போகும்போது பலகையைப் பார்த்தாராம். அன்று முதல் தினமும் மூன்றரை மணிக்கு வருகிறார், ஐந்து மணிக்குப் போகிறார். வெளுத்த சட்டை, மடக்கிய குடை. தெருவுக்குள் ஓரடி வைப்பதில்லை. தோளில் கிடக்கும் துண்டால் பலகையின் தூசியைத் துடைக்கிறார். என் கணவர் பெயரை இரண்டு முறை துடைக்கிறார். நான் நேரில் சென்று கேட்டபோது மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டார். “நான் சும்மா போர்ட படிச்சிட்டு நிக்கேன், அம்மா. ரோட்டுல நிக்கதுக்கும் கலெக்டர்ட்ட எழுதி வாங்கணுமோ?” என்றார். இதை எழுதுவதற்கு மன்னிக்கவும்.

6. காவல் நிலையத்துக்குச் சென்றேன். சாலையில் நிற்பது குற்றமல்ல, ஏதாவது நடந்தால் வாருங்கள் என்றார்கள். நடந்த பிறகு நான் யாரை அழைத்துக்கொண்டு வருவது என்று கேட்டேன்.

7. அவர் இதுவரை குரல் உயர்த்தவில்லை என்பதையே எல்லோரும் அவருக்கு ஆதரவாகச் சொல்கிறார்கள். கௌசல்யா சொல்வது வேறு: “அவரு கத்துனா பயமில்ல மாமி, கத்திட்டுப் போயிருவாரு. மெதுவாப் பேசுனாதான் அடி விழும்.” மணிக்கட்டை முறித்த அன்று அவர் சிரித்த முகமாக வந்து, குழந்தையை மிட்டாய் வாங்க அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டிருக்கிறார். இருபத்து நான்கு நாட்களாக ஷிஜா பள்ளிக்குப் போகவில்லை. தாயும் மகளும் ஜன்னலைத் திறப்பதில்லை.

8. சென்ற ஞாயிறன்று லிங்கம் திரு. நாகேஸ்வரனின் வீட்டுக்கே போயிருக்கிறார். கிளப் தலைவர் என்று திரு. நாகேஸ்வரனின் பெயரும் பலகையில் இருக்கிறது. “கால்ல விழுந்து அழுதான் மாமி. பாவம், நல்ல பையன்,” என்று திரு. நாகேஸ்வரனே என்னிடம் சொன்னார். ஆகவே, பதினாறாம் தேதி மாலை அந்தக் கிளப் கவர்னர் முன்னிலையில், என் வீட்டு முற்றத்து மேடையில், கணவன் மனைவி இருவருக்கும் மாலையிட்டுச் சேர்த்து வைக்கப்போகிறார்கள். அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. கௌசல்யாவிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முற்றத்துப் பந்தலைத் தானே கட்டித் தருவதாக லிங்கம் ஏற்றிருக்கிறார். கயிறும் கழியும் மாடியில் வைக்கவேண்டும் என்று, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் கையில் வெளிப்படியின் சாவி கொடுக்கப்படும்.

9. நேற்று மாலை ஐந்தரை மணிக்கு மாடிக் கதவில் என் சொந்தப் பூட்டு ஒன்றை மாட்டினேன். அந்தக் கதவு வீட்டின் பின்புறம் இருக்கிறது, தெருவிலிருந்து தெரியாது. ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. லிங்கம் முதன்முறையாகப் பேசினார். “புதுப் பூட்டா அம்மா? நல்ல பூட்டு,” என்றார். அவ்வளவுதான்.

ஆகையால் தங்களை வேண்டுவது:

நாளை, வெள்ளிக்கிழமை, மாலைக்குள் கௌசல்யாவையும் குழந்தையையும் அரசு வாகனத்தில் வேறிடத்துக்கு மாற்ற உத்தரவிடுங்கள். எந்த இடம் என்பது கிளப்புக்குத் தெரிய வேண்டாம். எனக்கும் தெரிய வேண்டாம். சென்ற ஆண்டு நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி லிங்கம் அவர்களை நெருங்காதபடி தடை பெற, பாதுகாப்பு அலுவலரைக் கொண்டு ஆவன செய்யுங்கள். சாவியை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று கிளப்புக்கு எழுத்தில் ஆணையிடுங்கள். பலகையை எடுத்துவிடுங்கள். என் கணவரின் பெயர் அதில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அந்தப் பெயரோடு அது பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.

மேலும் ஒன்று. மனுக்களின் நகலை எதிர்த் தரப்புக்கு அனுப்பி விளக்கம் கேட்பது அலுவலக வழக்கம் என்று அறிவேன். இந்த ஒரு மனுவில் அதைச் செய்யாதீர்கள். நகல் கிளப்புக்குப் போனால் அன்றைக்கே லிங்கத்தின் கைக்குப் போய்விடும். அவர்கள் அதைத் தீய எண்ணத்தோடு செய்யமாட்டார்கள். இதுவரை எதையுமே தீய எண்ணத்தோடு அவர்கள் செய்யவில்லை.

உத்தரவு வராவிட்டால், சனிக்கிழமை காலை ஆறு மணி முதல் அந்த மாடிப்படியின் கீழ்ப்படியில் நான் உட்கார்ந்திருப்பேன். எழுபத்து நான்கு வயதில் ஒரு கொத்தனாரைத் தடுக்க என்னால் ஆகாது. என்னைத் தாண்டித்தான் அவர் மேலே போனார் என்பதாவது அரசாங்கக் காகிதத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்கட்டும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
லலிதாம்பாள்

இடம்: கரமனை, திருவனந்தபுரம்
நாள்: 13.12.2007, வியாழக்கிழமை