அர்ச்சனாவின் பிரஷரும் என் பத்தியமும்

சுத்துக்கேணி,
புதன்கிழமை.

அன்புள்ள பிரேமாவுக்கு,

குவைத் வெயிலில் நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நான்தான் மானம் கெட்டுக் கிடக்கிறேன். திருக்கனூர் மருந்துக்கடை வாசலில், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், வேண்டுமென்றே மயங்கி விழுந்தேன்.

அர்ச்சனாவுக்கு மாத்திரை வாங்கும்போது பக்கத்து வீட்டு ராமு பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, யாருக்கு பிரஷர் மாத்திரை?" என்றான். எனக்குத்தான் என்றேன். "நேத்துகூட கரும்புக் கட்டு தூக்கினியே, உனக்கா?" என்று இளித்தான். நம்ப வைக்க விழுந்தேன். தலையில் இரண்டு கோலி சோடாவை உடைத்து ஊற்றினார்கள்.

பள்ளிக்கூடத்துப் பரிசோதனையில் அவளுக்கு பிரஷர் என்று தெரிந்ததும், 'பொண்ணு பேரு வெளிய வரக்கூடாது, நாளைக்குக் கல்யாணத்துக்குக் கேப்பாங்க' என்று நீ போட்ட சட்டத்தால் வந்தது இத்தனையும். ஒன்பதாவது படிக்கிறவளுக்கு எந்த மாப்பிள்ளை இப்போது வாசலில் வந்து நிற்கிறான், சொல்?

போனில் நீயே பேசி நீயே வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் வாயில் விரல் வைத்த பொம்மையை அனுப்புகிறாய். அதனால்தான் குவைத் திரும்பும் சாமிக்கண்ணு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

வில்லியனூர்க் கல்யாணத்தில் நடந்ததைக் கேள். எனக்குத்தான் பிரஷர் என்று நம்பி, உன் தங்கை இளவரசி என் இலையில் உப்பில்லாத சோற்றைக் கொட்டினாள். "உனக்கு அப்பளம் கெடையாது மாமா, புள்ளையாவது நல்லா துன்னட்டும்" என்று அர்ச்சனா இலையில் நாலு அப்பளமும் ஊறுகாயும் குவித்தாள். பத்தியம் இருக்க வேண்டியவள் நொறுக்குகிறாள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போதும் என்று அவள் கையைப் பிடித்தேன். பெற்ற பெண் தின்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனாம், பந்தியே பேசியது.

சிரிக்காதே. உன் சட்டப்படி, வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் மாத்திரையை ஒளித்துவிட்டு, அப்புறம் போட மறந்துவிடுகிறாள். போன வாரமும் பிரஷர் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார். பிள்ளைகளுக்கும் இது வருமாம். காரணம் கிட்னியில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டுமாம். அடுத்த செவ்வாய் புதுச்சேரியில் ஸ்கேன். இனி நான் எங்கே போய் விழுவது? என் வயிற்றைக் காட்டி அவள் கிட்னியைப் பார்க்க முடியுமா?

செவ்வாய்க்கிழமை பெயர் கூப்பிடும்போது அவள்தான் எழுந்து போக வேண்டும், பிரேமா. அதற்கு முன் ஒரு தடவை அவளிடம் பேசு. யாரிடமும் சொல்லாதே என்று மறுபடி ஆரம்பிக்காதே. 'நீ ஒண்ணும் தப்பு பண்ணலடி' என்று மட்டும் சொல். நான் சொன்னால் சிரிக்கிறாள். நீ சொன்னால் நம்புவாள்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
தணிகைவேல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பள்ளிக்கூடம் போய், செவ்வாய்க்கிழமை அவளுக்கு வயிற்றுவலி என்று லீவு கேட்டேன். செல்வகுமாரி டீச்சர் சிரித்துவிட்டார். பரிசோதனை நடந்த அன்றே அர்ச்சனா தன் பிரஷர் அளவைக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் 'கிளாஸ்லயே நான்தான் ஃபர்ஸ்ட்' என்று போட்டாளாம்.