நீங்கள் ஒடித்த வெண்டைக்காய்

தாம்பரம் மார்க்கெட்டின் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டிக்கொண்ட என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப் போகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்காலில்தான் வலி, வாயில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டில் டெலிவிஷன் வாங்கியிருக்கிறார்கள், சாயங்காலம் ஆனால் அம்மா அங்கேயே குடியிருக்கிறார். நான் நம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சிற்ப வேலை செய்கிறேன். இதெல்லாம் சும்மா முன்னுரை. உங்கள்மேல் எனக்கு ஒன்பது வருஷமாக ஒரு கோபம் இருந்தது. போன சனிக்கிழமை அது தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிற்பம் படிக்கப் போகிறேன் என்றபோது நீங்கள் கத்தவில்லை. "ஒரு வருஷம் போயிட்டு வா. பரீட்சையில தேறலேன்னா டீச்சர் ட்ரெயினிங். அப்புறம் மூச்சு விடக் கூடாது" என்றீர்கள். அந்தப் பரீட்சைக்குக் கொடுத்த வேலை, உயிருள்ள ஒரு வடிவத்தை அச்சு அசலாக வேறு பொருளில் செய்வது. மற்றவர்கள் சங்கு, மாம்பழம், தங்கையின் பாதம் என்று போனார்கள். நான் வெண்டைக்காயைப் பிடித்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே? நீங்கள் வெண்டைக்காயைப் பார்க்கிற மாதிரி நம் வீட்டில் யாரும் எதையும் பார்த்ததில்லை, அதனால்தான்.

ஆபீஸ் விட்டு மின்சார ரயிலில் இறங்கினால் நேராக மார்க்கெட். திருநீர்மலைப் பக்கத்திலிருந்து கூடை கொண்டுவரும் கன்னியம்மா முன்னால் குந்தி, ஒவ்வொரு காயாக நுனியை ஒடிப்பீர்கள். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, பைக்குள் போகும். வளைந்தால் முத்தல், கூடைக்கே திரும்பும். "நீ ஒடிச்சிப் போட்டத நான் ஆருகிட்ட விக்கறது சார்? வூட்டுக்கு எடுத்துகினு போய் நானே துன்றதா?" என்று அந்த அம்மாள் கத்துவார். நீங்கள் அசையமாட்டீர்கள். பக்கத்தில் நின்று மானம் போவது எனக்குத்தான்.

அந்தக் காயை வைத்துக்கொண்டு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். விளக்கெண்ணெய் தடவி, களிமண்ணில் பாதி அமுக்கி, மேலே பிளாஸ்டர் ஊற்றி அச்செடுக்க வேண்டும். எண்ணெய் கூடினால் காயின் மேலுள்ள சுணை, அந்த மெல்லிய ரோமம், அச்சில் விழாது. குறைந்தால் காய் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். பிய்ந்ததையெல்லாம் அம்மா கழுவிப் பொரியல் செய்துவிடுவார். "பொரியல்ல ஏன் இப்படி ஒரு வாசன?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டீர்கள், பாவம். கடைசியில் மூன்று தேறின. ஒன்று சிமெண்டில், ஒன்று பழைய அலுமினியப் பாத்திரத்தை உருக்கி, ஒன்று பிளாஸ்டரில். பிளாஸ்டருக்கு மட்டும் பச்சை பூசினேன்.

ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில், நிறம் சரியா என்று பார்க்க அதை முறத்தில் நிஜக் காய்களோடு வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்தால், ஆபீஸ் சட்டையோடு நீங்கள் முறத்துக்குப் பக்கத்தில். கையில் என் காய். டக்.

"நல்ல பிஞ்சு" என்றீர்கள்.

பிறகு விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். நுனியை மெதுவாக முறத்தில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எட்டேகால் வண்டியைப் பிடிக்கப் போய்விட்டீர்கள். "வேணும்னேதான் ஒடிச்சாரு, நான் ஃபெயிலாகணும்னு" என்று அம்மாவிடம் அழுதேன். அம்மாவும் மறுக்கவில்லை.

ஒட்ட நேரமில்லாமல் இரண்டு துண்டாகவே கொண்டுபோய் வைத்தேன். பரீட்சை பார்க்க வந்தவர் நுனியைக் கையில் எடுத்து, "இத யாரும்மா ஒடிச்சது?" என்றார்.

"எங்கப்பா சார்."

"கோவத்துலயா?"

"பிஞ்சான்னு பாத்தார் சார்."

அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அடுத்த அறையிலிருந்த வாத்தியார்களையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் தேறிவிட்டேன். வீட்டில் வந்து சொன்னபோது நீங்கள் "சரி" என்று பேப்பரைப் புரட்டினீர்கள். அந்தச் "சரி"தான் என் நெஞ்சில் முள்ளாக நின்றது.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க நீங்கள் வாங்கி வந்த வெண்டைக்காய் அத்தனையும் முத்தல். "கண்ணு அவிஞ்சி போச்சா உங்களுக்கு? கட்ட மாதிரி கெடக்கு" என்று அம்மா திட்டினார். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோஷம்.

போன சனிக்கிழமை மார்க்கெட்டில் என்னை அறியாமல் ஒரு நுனியை ஒடித்தேன். கன்னியம்மா நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"நீ அந்த ஒடிக்கிற சாரு பொண்ணுதானே? காயி செஞ்சி அவர ஏமாத்தினது நீதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்ட போ. மார்க்கெட்டுக்கே தெரியும். அன்னிக்கி சாய்ந்திரம் வந்து காயத் தொடாம குந்திகினு கீறாரு. இன்னா சார், ஒடம்பு சரியில்லியான்னேன். 'இருபது வருஷமா ஒடிக்கிறேன் கன்னியம்மா, இன்னிக்கி எம் பொண்ணு என்ன ஏமாத்திட்டா. இனிமே இந்தக் கைய நம்பறதுக்கில்ல, நீயே பாத்துப் போடு'ன்னாரு. சிரிப்பு அடங்கல அவுருக்கு. மீன்கார அம்மா, பூக்காரி, ஒருத்தர வுடல. நானும் இதான் சமயம்னு ஒரு வாரம் முத்தலாவே தள்ளி வுட்டேன்."

நான் கூடைக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன் அப்பா. சிரித்துக்கொண்டேதான். மார்க்கெட் முழுக்கச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, வீட்டில் என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? "வேணும்னே" என்று நான் அழுததாவது உங்கள் காதில் விழுந்ததா?

தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்த அந்த நுனியை ஒட்டிவிடலாம் என்று நேற்று பசையை எடுத்தேன். ஒட்ட மனம் வரவில்லை. ஒடிந்தபடியே கொட்டகையில் கண்ணுக்கெதிரே வைத்திருக்கிறேன்.

இப்போது ஃபைபர் கிளாஸ் என்று ஒன்று வந்திருக்கிறது. சுணைகூட அப்படியே விழுகிறது. அதில் ஒரு வெண்டைக்காய் செய்து, நுனியை ஒடித்துப் பார்த்தேன். வளைகிறது. நீங்களாக இருந்தால் முத்தல் என்று தூக்கிப் போட்டிருப்பீர்கள். டக்கென்று ஒடிகிற வரைக்கும் நான் விடப்போவதில்லை. இது சத்தியம்.

ஒரே ஒரு முறை உங்களை ஏமாற்றிய
உங்கள் மூத்த மகள்,
ரோஸி