ஒரே ஒரு கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை அப்பாவிடம்கூடக் காட்டாதே. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

சித்தப்பா கண்ணாடி வெட்டுவதை நீ பார்க்க வேண்டும், அம்மா. சின்னச் சக்கரத்தால் மேலாக ஒரே ஒரு கோடு கீறுவார். மேசை விளிம்பில் வைத்து லேசாக அழுத்தினால் போதும், அந்தக் கோட்டிலேயே நூல் பிடித்தாற்போல் பிரியும். "கண்ணாடிகிட்ட ஒரு தடவதான் சொல்லணும் பாப்பா. ரெண்டாந் தடவ சொன்னா உங்க சித்தி மாதிரி கோவிச்சுக்கும்" என்பார்.

இன்று சாயங்காலம் அவர் வெளியே போயிருந்தார். நாளை கொடுக்க வேண்டிய ஜன்னல் கண்ணாடியை நானே வெட்டி அவரை அசத்த நினைத்தேன். கோடு மங்கலாகத் தெரிந்ததால் அதன்மேலேயே மறுபடி கீறிவிட்டேன். அழுத்தியதும் விரிசல் கோட்டை விட்டுக் குறுக்கே ஓடிவிட்டது.

துண்டுகளை என் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். இங்கே தங்கிப் படித்தது போதும் என்று ஊருக்கு அனுப்பிவிடுவாரோ? இனிமேல் பட்டறைக்குள்ளேயே விடமாட்டாரோ? போர்வை இல்லாமல் குளிர்கிறது. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்காமலே அனுப்பு.

ஐயோ, கதவு தட்டும் சத்தம். சித்தப்பாதான்.

"கண்ணாடியக் காணோமே, ரெண்டு தடவ சொல்லிட்டியா? கதவத் திற பாப்பா. மொதல்ல கையக் காட்டு."

அம்மா, குரலில் கோபமே இல்லை. போகிறே…