மணிப் படத்தின் மேல் ஒரு கோடு

என் பெரியவன் மகன் கார்த்தி கோயம்புத்தூரில் இஞ்சினீயர் ஆகிவிட்டான். அவன் உட்காரும் மேசையில் பேர் எழுதிய பலகை வைத்திருக்கிறார்களாம். அவன் தங்கை நித்யா நாமக்கல்லில் கணக்கு டீச்சர். தை பிறந்தால் கல்யாணம். சின்னவன் மகன் பிரவீன் ஜில்லா ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்த பையன் காலில் ஷூ இருந்தது, இவன் வெறுங்காலில் ஓடினான், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு அடுத்தவன் மூன்றாவதுதான் படிக்கிறான், ஆனால் மேடையேறி மைக்கைப் பிடித்துப் பயமில்லாமல் பேசுகிறான்.

பார்த்தாயா, உனக்கு எழுத உட்கார்ந்தால்கூட கை இப்படித்தான் தொடங்குகிறது. உன்னைப் பார்த்ததும் என் வாயில் முதலில் வருவது என் வீட்டுப் பிள்ளைகள் கதைதான். நீ மிளகுக் கொத்தை உதிர்த்துக்கொண்டே கேட்பாய். ஒரே சங்கதியை மூன்றாவது தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோல் "அப்புறம்?" என்பாய். எனக்கே கூச்சம் வந்து நிறுத்தினால், "சொல்லு புள்ள, கைதான வேல செய்யுது, காது சும்மாதான கெடக்குது" என்பாய்.

இன்று காலையில் போனில் சைலண்டை எடுத்துவிட்டேன். ஆறு மாதமாக அந்த மணிப் படத்தின் மேல் கோடு போட்டுத்தான் கிடந்தது. எடுக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது படித்தவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும் என்று முகத்தை வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்குத் தெரியும். பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் மணிப் படம் வரும், அதைத் தொட்டால் கோடு விழும், மறுபடி தொட்டால் கோடு போய்விடும். அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் போட்டவள் நான்தான்.

போன பொங்கலுக்கு நித்யா வந்திருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் உன் குச்சிக்கிழங்குக் காட்டில் நின்று நீ எனக்குக் குரல் கொடுத்தாய். "ஏ புள்ளோய்..." என்று நீ இழுத்தால் இரண்டு காடு தாண்டிக் கேட்கும். நித்யா அதைப் போனில் பிடித்து, நீ கூப்பிட்டால் அந்தக் குரலே மணியாக அடிக்கும்படி வைத்துவிட்டாள். நீ கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "நாஞ் செத்தாலும் கத்துமாட்டம் இருக்குது" என்றாய். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அதே குரல் நாமக்கல்லில், நித்யாவைப் பெண் பார்க்க வந்த அன்று அடித்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நான் கார்த்தியின் மேசைப் பலகை வரை சொல்லி முடித்து, பிரவீன் ஓடிய ஓட்டத்தைத் தொடங்கியிருந்தேன். மடியிலிருந்த போன் "ஏ புள்ளோய்..." என்று கத்தியது. கூடமே அதிர்ந்தது. காபி கொண்டு வந்த உறவுக்காரப் பெண் நின்றுவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"யாருங்க அது, இப்படிக் கூப்பிடறாங்க?"

என் கூட்டாளி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாவது வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவள், என் இரண்டு பிரசவத்துக்கும் கூடவே இருந்தவள் என்று சொல்ல வேண்டாம். கூட்டாளி என்று ஒரு வார்த்தை போதும்.

"நம்ம காட்டுல வேலைக்கு வர பொம்பளைங்க. இப்படித்தான், நேரங்காலம் தெரியாது" என்றேன்.

நித்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உன் குரலைப் பிடித்துவைத்தவள் அவள்தானே. பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். நான் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி, மணிப் படத்தைத் தொட்டுக் கோடு போட்டு, போனைக் கவிழ்த்துவைத்தேன். அப்படியும் அதன் விளிம்பில் வெளிச்சம் வந்து வந்து போனது. ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். உன் பெயர். வேலையற்றவள் என்று மனதுக்குள் திட்டினேன்.

அன்று மாலை பெரியவனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. மத்தியானம் காட்டிலிருந்து வந்து நெஞ்சை அடைக்குது என்று கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

நான் எடுத்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று யாரும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லி என் பழியைப் பெரிதாக்கிக்கொள்ளப் போவதில்லை. என் பழி சின்னது. சின்னதாக இருப்பதால்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் கிடக்கிறது.

நீ எதற்குக் கூப்பிட்டாய் என்று மறுநாள் உன் வீட்டு வாசலில்தான் தெரிந்தது. உன் பேத்தி சுகன்யா பத்தாவது கணக்கில் தேறிவிட்டாள். இரண்டு தடவை போன பாடம். தாய் இல்லாத பேத்தியை நீ கிழங்குக் காட்டுக்குக்கூட அனுப்பாமல் புத்தகத்தோடு உட்காரவைத்தாய். ஒரு தடவை என்னிடம் கேட்டாய், "நித்யா லீவுக்கு வந்தா ஒரு வாரம் நம்ம புள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவாளா புள்ள?" என்று. "அவளே படிச்சுக் களைச்சு வாரா" என்றேன். நித்யாவிடம் கேட்கக்கூட இல்லை. நீ மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், எதற்கோ கோபத்தில், "உன் ஊட்டுல சொல்றதுக்கு என்ன இருக்குது, அதான் வாய மூடிக் கேக்கற" என்று உன்னைச் சொல்லிவிட்டேன். நீ கொத்தை உதிர்த்தபடியே சொன்னாய்.

"வரும் புள்ள. வந்தா மொதல்ல உனக்குத்தான் சொல்லுவேன். அன்னிக்கு நீ 'அப்புறம்?'னு கேக்கோணும்."

சுகன்யா அன்று செம்மேட்டுக்குப் போய் ரிசல்ட் பார்த்து உனக்குச் சொல்லியிருக்கிறாள். உன் காட்டுப் பக்கம் டவர் கிடைக்கும் பாறைமேல் நீ காலையிலிருந்தே காத்திருந்தாயாம். "பாஸ் அம்மாயி" என்றதும் நீ ஒன்றும் பேசவில்லை. "இரு, வெய்யி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். அந்தப் பிள்ளை பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் நடுவிலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா, எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாம வெச்சிட்டாங்க. பாறைல நின்னு உங்களுக்குத்தான் போன் போட்டாங்கன்னு சொல்றாங்க. அம்மாயி என்ன சொன்னாங்க? சந்தோசப்பட்டாங்களா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"எம்பேத்தி தாண்டிட்டா புள்ள, எம்பேத்தி தாண்டிட்டான்னு அதையேதான் சொன்னா கண்ணு. சிரிச்சுக்கிட்டே இருந்தா. நான் பேசவே எடங்குடுக்கல" என்றேன்.

அவள் என் மடியில் விழுந்து அழுதாள். அங்கிருந்த பெண்கள் அதைக் கேட்டு அழுதார்கள். மூன்றாம் நாளுக்குள் நம் மலை ஊர்கள் முழுக்க அதுதான் உன் கடைசிப் பேச்சாகிவிட்டது. நீ பேசாத பேச்சு. உன் வாயை அடைத்த நானே உனக்காகப் பேசிவிட்டு வந்தேன்.

பிறகு சுகன்யா இராசிபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய், ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். உன் போன் இப்போது அவளிடம்தான். அவள் கூப்பிட்டால் என் போனில் உன் பெயர்தான் வரும், கோட்டை எடுத்துவிட்டால் உன் குரல்தான் வரும். அதனால் கோட்டை எடுக்கவில்லை. உன் பெயர் வெளிச்சமாக வந்து, நின்று, அணைவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கார்த்தி கூப்பிட்டதையும் எடுக்காமல் போனேன். "போனுக்கு என்னதான் ஆச்சு அப்பத்தா?" என்று கேட்டவனிடம் டவர் இல்லை என்றேன். மருமகள் ஒரு நாள், "சைலண்ட்ல கெடக்குதுங்க அத்தை, எடுத்துவிடட்டுங்களா?" என்று கையை நீட்டினாள். தொடாதே என்று கத்திவிட்டேன். பாவம், அவள் எதற்கு என்று தெரியாமல் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

நேற்று மருமகள் செம்மேட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள். சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுக்கா ஆபீசுக்கு வந்த சுகன்யாவை அங்கே பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளை என்னைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "ஆத்தாவுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா? போனே எடுக்க மாட்டேங்கறாங்க."

ஆறு மாதம் எடுக்காதவளை, உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள்.

காலையில் மிளகைப் பாயில் பரப்பிவிட்டு, போனை எடுத்து அந்தக் கோட்டைத் தொட்டேன். போய்விட்டது. பிறகு பாயோரம் உட்கார்ந்திருந்தேன். நானே கூப்பிட்டிருக்கலாம். அந்தத் தைரியம் வரவில்லை. பத்து மணி இருக்கும், நீ கூப்பிட்டாய். "ஏ புள்ளோய்..." ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல்தான் இருந்தது. தலை தானாக உன் காட்டுப் பக்கம் திரும்பியது. மருமகள் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். இரண்டாவது இழுப்பில் எடுத்தேன்.

"ஆத்தா, நாந்தானுங்க. சாப்டீங்களா?"

"ஆச்சு கண்ணு. நீ?"

"இப்பத்தானுங்க. ஆத்தா, நர்சு உதவியாளர் படிப்புல எடங் கெடச்சிருக்குது. ஒரு வருசம். திங்கக்கெழம சேரோணும். அதச் சொல்லத்தான் போட்டுப் போட்டுப் பாத்தனுங்க."

நல்லது என்றேன். அவள் "ஆத்தா? கேக்குதுங்களா?" என்றாள்.

"சாமி, நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கறேன். அன்னிக்கு உங்க அம்மாயி எங்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசல. நான் போனை எடுக்கவே இல்ல. அவ சொன்னதாச் சொன்னதெல்லாம் நானாச் சொன்னது."

 அவள் பக்கம், துணிக்கடையில் யாரோ கலர் கேட்பது கேட்டது.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"போன்லயே இருக்குதுங்களே. ஒம்போது தடவ போட்டிருக்காங்க. ஒண்ணுகூட எடுக்கல. மூணாம் நாளே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சாமி கேக்கல?"

"நீங்க சொன்னது அம்மாயி பேச்சாட்டவே இருந்துச்சுங்க. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எதற்காக இந்தப் பாவிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டாய் என்று அவளைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அம்மாயி இருந்தா மொதல்ல உங்களுக்குத்தான சொல்லியிருப்பாங்க."

அவளிடம் பாதியைத்தான் சொன்னேன். எடுக்கவில்லை என்று சொன்னேனே தவிர, கேட்டும் எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. வேலைக்கு வரும் பொம்பளை என்று நான் உன்னைச் சொன்னது அவளுக்குத் தெரியாது. அது உனக்கும் தெரியாமல்தானே போனாய். இதோ எழுதிவிட்டேன். ஐந்தாவது வரை படித்த எழுத்து இதற்காவது உதவட்டும்.

அந்த ஒன்பது தடவையும் பாறைமேல் நின்று நீ என்ன சொல்ல வாயெடுத்தாய் என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. என் பொய்யைவிட நன்றாகத்தான் சொல்லியிருப்பாய். சிரித்துக்கொண்டு என்னைக் குத்தியும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய், எனக்கு அது வேண்டியதுதான். மிளகு உதிர்க்கும்போதெல்லாம் என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் வேறொன்று. எதுவும் உன்னுடையது இல்லை.

போனை வைப்பதற்கு முன் சுகன்யாவிடம், "அப்புறம்?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. அப்புறம் என்னங்க ஆத்தா என்றாள். அந்தக் கணக்குப் பரீட்சையைப் பற்றிச் சொல்லு, என்ன கேள்வி வந்தது, எதில் தடுமாறினாய், எல்லாம் சொல்லு என்றேன். கடை முதலாளி கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் குடும்பக் குரூப்பில் இப்போது நித்யாவின் மாப்பிள்ளை வீட்டாரும் இருக்கிறார்கள், அந்த ஹெட்மாஸ்டர் அம்மாவும்தான். சுகன்யா போட்டோவை அதில் போட்டால், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்பார். இந்தத் தடவை நித்யாவும் பார்க்கும்படி என் கூட்டாளி பேத்தி என்று நானே என் கையால் பதில் எழுதுவேன். மருமகள் எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, சுகன்யாவுக்கு இப்போதுதான் அனுப்பினேன்: "கண்ணு, யூனிபாரம் தச்சு வந்ததும் அதப் போட்டுகிட்டு நல்லா நிமுந்து நின்னு புது போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்பு. எங்க குரூப்புல போடோணும்."