பெரிய பசுக்களுக்கு நான் போட்ட பிண்ணாக்கு

தெற்கு டகோட்டா
அக்டோபர் 19

கிறிஸ்துவுக்குள் அன்பு மகள் மார்ட்டாவுக்கு,

அலாஸ்காவின் குளிரில் கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் அவர் கிருபையால் நடமாடுகிறோம், என் முழங்கால் ஆறிவிட்டது, மனம்தான் ஆறவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜூனுக்குப் பிறகு மழையே இல்லை, குளிர்காலத்துக்குச் சேர்த்த காய்ந்த புல் வழக்கத்தில் பாதிதான். முப்பதாம் தேதி சந்தைக்கு மாடு ஏற்ற லாரி வருகிறது, இருபது பசுக்களையாவது ஏற்றியாக வேண்டும், தப்பானவற்றை ஏற்றிவிட்டால் மந்தையே போய்விடும், மந்தை போனபின் இந்த நிலத்தில் நமக்கு என்ன வேலை. திங்கட்கிழமை மாட்டு டாக்டர் ஹெல்கா வந்து தொண்ணூற்றிரண்டு பசுக்களுக்கும் சினை பார்த்தாள். இருபத்தொன்று வெறும் வயிறு. அத்தனையும் அப்பா வருடாவருடம் பெரிய கன்றாகப் பார்த்து நிறுத்தி வளர்த்த ஆயிரத்து நானூறு பவுண்டுக்காரிகள். ஹெல்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஓரின் அண்ணே, இதுங்களுக்கு உங்க புல்லு பத்தாது, ஓட்டல் வச்சுத்தான் சோறு போடணும்" என்றாள். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "காளை சரியில்ல, பசு மேல பழி போடாத" என்றார். "அப்ப சின்னதுங்களுக்கு மட்டும் எப்படிண்ணே பிடிச்சுது?" என்று அவள் கேட்டதற்கு, "ஆல்மா நோட்டைப் பாரு, ஆறு வருஷமா பெரிசு ஒண்ணுகூடத் தவறல" என்று நான் எழுதிவரும் கன்றுக் கணக்கைக் காட்டினார். அன்றைக்கே அந்த நோட்டை வைத்துப் பட்டியலும் எழுதிவிட்டார்: பெரியவற்றுக்கு இன்னும் ஒரு வருடம் தவணை, லாரிக்குச் சின்னவை.

மகளே, அந்த நோட்டில் ஒரு எண்கூடப் பொய் இல்லை, எழுதாமல் விட்டதுதான் பொய். ஆறு குளிர்காலமாக அப்பா தபால் எடுக்கப் போகும் நேரம் பார்த்து, விலா தெரிகிற பெரியவற்றை வேலியோரம் கூப்பிட்டு வாளி வாளியாகப் பிண்ணாக்குப் போட்டுவந்தேன். வாயில்லா ஜீவன்கள், இரக்கம் காட்டினால் கர்த்தர் மகிழ்வார் என்று நினைத்தேன். முட்டை விற்ற காசில் வாங்கியதால் பண்ணைக் கணக்கில் அது வரவில்லை. போன ஜனவரியில் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை ஆனபிறகு ஒரு வாளிகூடத் தூக்கவில்லை, அவற்றுக்குச் சினையும் பிடிக்கவில்லை, வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. நாற்பத்தேழாம் எண் குள்ளச்சி பனியை மூக்கால் கிளறிப் புல்லை மட்டும் தின்று, தன் எடையில் பாதிக்குக் கன்றை வளர்த்துத் தருகிறாள், அவளை ஒருநாளும் நான் வேலியோரம் கூப்பிட்டதில்லை. அவள் பெயர்தான் லாரிப் பட்டியலில் முதலில் இருந்தது.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே இருந்தார். "ஆறு வருஷமா என்னைப் பெரிய மாட்டுக்காரன்னு நம்ப வச்சிட்டியே, ஆல்மா" என்றார், சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு லாரிக்குப் போகிறவற்றுக்கு அடையாளம் போடும் சாயக்குச்சியை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போய், சினையில்லாத ஒவ்வொன்றின் முதுகிலும் கோடு போட்டார். இருபது போட்டுவிட்டு உன் ராணியிடம் நின்றுவிட்டார். பள்ளிக் கண்காட்சியில் உனக்கு முதல் பரிசான ஊதா ரிப்பன் வாங்கித்தந்தவளும் வெறும் வயிறுதான். "மார்ட்டா என்ன சொல்வாளோ" என்று கோடு போடாமலே திரும்பி வந்துவிட்டார்.

வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் அவளை நிறுத்திவிடுவார், ஒன்றை நிறுத்தியவர் பத்தை நிறுத்துவார், நானும் வாளியைத் தூக்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் அப்பாவுக்குப் போன் செய்து, கோடு போட்டுவிடுங்கள் என்று நீயே சொல். அழுகை வந்தால் அதை எனக்கென்று தனியாக வைத்துக்கொள், பிறகு என்னைக் கூப்பிட்டு அழு.

கர்த்தருடைய கை உன் தலைமேல் இருக்கட்டும். இருபத்தொன்பதாம் தேதிக்குள், மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஆல்மா