குமிழ் சுழலவில்லை

1957 மார்ச் 4
மழை. பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் பத்திரிகைக்காகப் பதினோரு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் தலைமையாசிரியர் கண்ணை மூடியிருக்கிறார். நாளை நிலக்கரிச் சுரங்க வாசல். வேலைநிறுத்தம் தொடங்கி இருபது நாள்.

மார்ச் 5
கம்பெனி அடியாட்கள் குவாத்தா என்ற தொழிலாளியைத் தடியால் அடித்தார்கள். நாலடி தள்ளி நின்று எடுத்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தாறோடு நிற்கவேண்டிய ஃபிலிம் நிற்கவில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு — அப்போதுதான் பார்த்தேன். ஃபிலிம் நகர்ந்தால் கூடவே சுழலவேண்டிய, காமிராவின் இடப்பக்கக் குமிழ் அசையவே இல்லை. வரும்போது ஓடிக்கொண்டே ஃபிலிமை மாட்டியிருந்தேன்; நுனி சுருளில் பிடிக்கவில்லை. ஒரு படம்கூட இல்லை.

பத்திரிகை ஆசிரியர் ஹிராயாமாவிடம், "காமிராவுக்குள்ள தண்ணி போயிடுச்சு சார்" என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

மார்ச் 6
வீணான ஃபிலிமை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நுனியை நீளமாகக் கத்தரித்து, சுருளின் பிளவில் செருகி, ஓரத் துளைகள் பற்களில் உட்கார்ந்தனவா என்று பார்த்து, தளர்வை இறுக்கி, மூடி, சுற்றினால் — குமிழ் சுழல்கிறது. நாற்பது தடவை. கண்ணை மூடிக்கொண்டும் வருகிறது. நேற்று வரவில்லையே.

மார்ச் 8
குவாத்தாவின் மனைவி ஃபுசாயே அலுவலகத்துக்கு வந்தாள். அவர் இன்னும் கண் திறக்கவில்லையாம். சரிவில் வழுக்கி விழுந்தார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது.

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? படம் இருக்கும்ல?"

"இல்லைங்க. கெட்டுப்போச்சு."

குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 9
வீட்டெதிரே ஒருவன் நிற்கிறான். தடியோடு இருந்தவர்களில் ஒருவன். படம் என்னிடம் இருக்கிறதென்று நினைக்கிறார்கள்.

மார்ச் 10
இன்றும். கதவுக்குக் குறுக்கே அலமாரியை இழுத்துப் போட்டேன்.

மார்ச் 11
மத்தியானம் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. மரக்கதவுக்கு அந்தப்பக்கம் அழுகிற குரல்.

"அக்கா, நான் யோனேகுரா. நான் அடிக்கலக்கா. அவனுங்க தடிய நான்தான் புடிச்சு இழுத்தேன். உங்க படத்துல இருக்கும். அத மட்டும் குடுங்க, நான் போலீசுல எல்லாத்தையும் சொல்றேன்."

உண்மைதான். இழுத்தான். நான் பார்த்தேன்.

"படம் இல்லப்பா. நான் ஃபிலிமை ஒழுங்கா மாட்டல."

"அப்போ என்னை யாருக்கா நம்புவாங்க? நான் செத்தேன்" என்றான்.

எனக்குப் பயம் — அவனைக் கண்டா, அவனை அனுப்பினவர்களைக் கண்டா, தெரியவில்லை. அலமாரியைத் தள்ளினேன்.

"நான் பாத்தேன்ல. வா, போவோம்."

மார்ச் 12
நேற்று காவல் நிலையத்தில் நான்கு மணி நேரம். யார் எங்கே நின்றார்கள், எந்தக் கை, எத்தனை அடி — எல்லாம் சொன்னேன். "படமே இல்லாம எப்படிம்மா நம்பறது?" என்றார் அதிகாரி. யோனேகுரா தனியாகச் சொன்னதும் அதேதான் என்று தெரிந்தபின் அவர் அப்படிக் கேட்கவில்லை. மாலையில் ஆசிரியரிடமும் உண்மையைச் சொன்னேன். கத்தினார். இன்று காலை அடித்தவர்களில் இரண்டு பேரைப் பிடித்துவிட்டார்கள்.

மார்ச் 15
ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எப்படிப் போனது என்று ஃபுசாயேயிடம் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை, கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்தபோது சொன்னாள்:

"காலைல கஞ்சி குடிச்சாரு. ரெண்டு கரண்டி."