சுரண்டிய லேபிள்

வியாழக்கிழமை, ஆனி மாதம்.

காலையில் அரிசி அள்ளப் போனேன். டிரம்முக்குள் ஒரு பாட்டில் கையில் தட்டுப்பட்டது. மலிவான போர்ட் ஒயின், பாதி காலி. என் மகள் செல்வி அதன் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள். எடுத்து என்ன? பசைத் தடம் முட்டை வடிவில் அப்படியே இருந்தது. அது எங்கள் பிரஸ்ஸில் அடிக்கிற லேபிள். அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

பாட்டிலை அவள் முன்னால் வைத்தேன்.

"எம்புட்டு நாளா தாயி இது?"

"பிள்ள பெத்ததுலருந்து. ரத்தம் ஊறும்னு நீங்கதானப்பா மூடியில அளந்து குடுத்தீக."

கொடுத்தேன்தான். அது மைத்துனர் லண்டனிலிருந்து கொண்டுவந்த உயர்ந்த போர்ட் ஒயின். அது தீர்ந்ததோடு விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன். பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது.

"லேபிள ஏம்மா சுரண்டுனே?"

"அதப் பாத்துக்கிட்டே குடிக்க முடியலப்பா."

பிரஸ்ஸுக்குப் போனேன். மெஷினில் அதே லேபிள்தான் ஓடிக்கொண்டிருந்தது. கலர் பார்க்கச் சொல்லி ஃபோர்மேன் ஒரு தாளை நீட்டினார்.

சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.